திரியாக் என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

2005 பிப்ரவரி 11 — 14,000
2005 ஆகஸ்ட் 2 — 14,000
2007 மே 19 — 17,500
2009 ஜனவரி 5 — 21,000

சீட்டக்கா தன் தம்பிக்காகப் போதை மீட்பு இல்லத்தில் கட்டிய தொகைகள் இவை. நான்காவது முறை ரசீதைக் கிழித்துக் கொடுத்த கணக்கர், வாய்ப்பழக்கத்தில், "மறுபடியும் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். "ஐயோ, வேண்டாம்பா" என்றாள் அவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சிரிப்பின் அசதி கால்களில் இறங்கியது. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் அகராதி அலுவலகத்தில். பழைய மருத்துவ நூல்களில் வரும் சொற்களைத் திரட்டி, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கியது என்று வரலாறு எழுதும் அகராதி அது. மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. நீளமான ஒரே கூடம், சுவர் முழுக்க மர இழுப்பறைகள், அவற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் லட்சக்கணக்கான சீட்டுகள். ஒரு சீட்டில் ஒரு சொல், அதன் பொருள், அது வரும் நூலின் வரி, அந்த நூலின் காலம். சீட்டுகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. புதிதாக வந்த டீக்கடைக்காரர் ஒருவர் அவள் சீட்டுக் கம்பெனி நடத்துகிறாள் என்று நினைத்து, "மாசம் எவ்வளவு கட்டணும்க்கா, தள்ளுபடி உண்டா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு சீட்டின் வலது கீழ்மூலையிலும் சரிபார்ப்பவர் மூன்று குறிகளில் ஒன்றை இட வேண்டும். நூலின் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்திருந்தால் 'கண்டது'. வேறு யாரோ எடுத்துக் காட்டியதை நம்பி எழுதியிருந்தால் 'கேட்டது'. அந்தக் காலத்து நூல்களையெல்லாம் துழாவிய பிறகும் சான்று அகப்படாவிட்டால் 'தேடியும் இல்லை'. இருபத்தாறு வருடங்களில் அவள் பார்க்காத பக்கத்துக்குக் 'கண்டது' என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. அதற்காக யாரும் மாலை போடவில்லை. மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கும் சீட்டுகளுக்கு அவளுக்கு மூன்று நாள் ஆகும், அவ்வளவுதான் வெளியே தெரிந்த வித்தியாசம்.

வீடு இரண்டு அறை, கீழே ஒரு தையற்கடை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் கணவனை விபத்துக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இருந்த இந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பெற்றோரும் போன பிறகு மிஞ்சியது தம்பி. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் தையற்கடைக்காரருக்கு அவன் 'சின்னவன்'தான். மருந்துக்கடையில் விற்பனையாளனாக இருந்தவன், மூடியின் நிறத்தைப் பார்த்தே மருந்தின் பெயரைச் சொல்வான். ஒரு மழைக்காலத்தில் இருமல் விடாமல் பிடித்துக்கொள்ள, அலமாரியிலிருந்து ஒரு சிரப் பாட்டிலை எடுத்தான். இருமல் பத்து நாளில் போனது. சிரப் போகவில்லை. கடை போனது, பிறகு வேறொரு கடை, அதுவும் போனது. சாராயம் என்றால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், தள்ளாட்டம் காட்டிக்கொடுக்கும். இவனோ குழந்தைபோல இனிப்பு வாசனையோடு வந்து, சிரித்த முகமாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். முதல் இரண்டு வருடம் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் அவனை நான்காவது முறையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை இல்லத்தில் ஒரு புது ஏற்பாடு. எட்டு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். ஆலோசகர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொலைபேசியில் கேட்பார். எட்டு வாரமும் அவன் தொடவில்லை என்று வீட்டார் சொன்னால் இல்லத்திலேயே அவனுக்கு வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. இதற்கு முன் மூன்று முறையும் வேலையில்லாத பகல்கள்தான் அவனை மறுபடியும் குழிக்குள் தள்ளின என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பதும் தெரியும். ஐந்தாவது தொகை கட்டக் கையில் காசும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. ஆகவே அந்த வேலைதான் எல்லாம்.

அதே வாரத்தில்தான் அவள் மேசைக்கு 'திரியாக்' வந்தது. நஞ்சுமுறி மருந்துக்கு இருந்த பழம்பெயர், இன்று யாரும் சொல்லாத பெயர். வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆள் இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான்.

"இன்னைக்கு என்ன சொல்லுக்கா?"

"திரியாக். விஷத்துக்கு மாத்து மருந்து. கிரேக்கத்துல காட்டு மிருகத்துக்கு ஒரு சொல்லு உண்டு, அதுலேருந்து மிருகக்கடிக்கான மருந்துன்னு ஆச்சு. அங்கேருந்து அரபிக்குப் போயிருக்கு."

"எது கடிச்சா குடுப்பாங்க?"

"முதல்ல பாம்பு. அப்புறம் தேளு. அப்புறம் எல்லாத்துக்கும். வயித்துவலி, தூக்கமின்மை, இருமல்."

"அப்ப நம்ம கடை மாதிரிதான்னு சொல்லு. உள்ள என்ன போட்டாங்களாம்?"

"அறுபது சரக்குக்கு மேல இருக்கு. பாம்புக்கறி, மிளகு, பட்டை, தேன். அபினும் கொஞ்சம்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அறுபதுல எது வேலை செஞ்சிருக்கும்னு நினைக்கிற?"

"பாம்புக்கறி ஒண்ணும் செஞ்சிருக்காது."

"ஆமா. அது செஞ்சிருக்காது" என்றான். வெங்காயக் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"பெரிய இடத்து ஆளுங்க எதுவும் கடிக்காமலே தினம் ஒரு உருண்டை முழுங்கியிருக்காங்கடா. வருமுன் காக்குறதாம்."

"என்னையும் எதுவும் கடிக்கலக்கா" என்றான் அவன். "இருமல்தான்."

அன்றைக்குச் சமையல் நன்றாக அமைந்தது. அவன் கைப்பக்குவம் எப்போதுமே அவளுடையதைவிட மேல். அந்த மூன்று வாரமும் அவள் கொஞ்சம் சதை போட்டாள் என்று தையற்கடைக்காரர்கூடச் சொன்னார். "சின்னவன் வந்ததும் அக்காவுக்கு ரவிக்கை பிடிக்குது பாரு. தையலைப் பிரிச்சுத் தரட்டுமா?"

நான்காவது வாரம் எறும்பு வந்தது. குளியலறையின் தண்ணீர் போகும் துளையைச் சுற்றி முதலில் வந்தது. பிறகு தம்பியின் அறை ஜன்னல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடாக ஏறி, சாத்திய கதவுக்குள் புகுந்தது. அவள் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்தாள். மறுநாள் எறும்புகள் கோட்டைச் சுற்றிக்கொண்டு போயின. அவன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தான். தூக்கம் நன்றாக வருகிறது என்றான்.

திங்கட்கிழமை அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஆலோசகர் இளம்பெண், குரலில் எப்போதும் ஓர் அவசரம்.

"அம்மா, எப்படி இருக்கார்? தொட்டாரா?"

"நான் பார்க்கல."

"நல்லதும்மா" என்று வைத்துவிட்டாள்.

ஐந்தாவது திங்களும் அதே கேள்வி, அதே பதில். அவள் சொன்னது பொய் இல்லை. அவள் பார்க்கவில்லைதான். பார்க்காமல் இருப்பதற்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அலுவலகம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகாமல் காய்கறிக்கடையில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவாள். மாடிப்படி ஏறும்போது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். அவன் அறையில் விழுந்த தன் துண்டைக்கூட எடுக்கப் போகவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். குப்பைக்கூடையைக் கண்ணை மூடாத குறையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாள். கண்ணால் காணாததை எழுதக் கூடாது என்று கால் நூற்றாண்டு பழகிய மனது, காணாவிட்டால் எழுத வேண்டியதில்லை என்று தனக்கொரு வசதியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அலுவலகத்திலும் வண்டி நகரவில்லை. திரியாக்கின் முதல் பொருளுக்குச் சான்றுகள் குவிந்து கிடந்தன. இரண்டாவது பொருள் பாரசீகத்தில்: அங்கே காலப்போக்கில் அபினுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. மூன்றாவது ஆங்கிலத்தில், 'ட்ரீக்கிள்' என்று திரிந்து: மருந்தைக் குழைக்கும் பாகுக்குப் பெயராகி, கடைசியில் சர்க்கரை காய்ச்சும் இடத்தில் மிஞ்சும் கருப்புப் பாகுக்குப் பெயராகிவிட்டது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் இடத்தில், எழுதியவன் மருந்தைச் சொல்கிறானா அபினைச் சொல்கிறானா என்று பிரிக்க முடியாத ஒரு வரியாவது கிடைக்குமா என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

பதிப்பாசிரியர் அவள் மேசைக்கு வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது, எல்லோருக்கும் பெரியவர். அச்சகத்துக்கு நாள் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டிருப்பவர்.

"சீட்டக்கா, இந்த விஷமுறியை எப்பம்மா முறிப்பீங்க? அச்சகத்துக்காரன் என் தலையை முறிச்சிடுவான் போலிருக்கு."

"நடுவுல ஒரு சான்று கிடைக்கல சார்."

"நடுவுல சான்று எப்படிக் கிடைக்கும்? பழக்கம் பிடிக்கும்போது எவன் உட்கார்ந்து எழுதி வைக்கிறான்? பிடிச்சு முடிஞ்ச பிறகுதான் ஊருக்கே தெரியுது."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஆறாவது திங்கள்.

ஆலோசகர் அன்று மிகவும் உற்சாகமாக இருந்தாள். "அம்மா, நல்ல சேதி. அவருக்கு என்ன வேலைன்னு முடிவு பண்ணிட்டோம். முதல்ல துணி துவைக்கிற இடத்துலதான் போடலாம்னு இருந்தோம். ஆனா மருந்துக்கடையில அத்தனை வருஷம் இருந்தவராச்சே, எங்க மருந்தறைக்கு ஆளே இல்ல. சாவி அவர்கிட்டயே இருக்கும். நம்பிக்கை வெச்சாதானேம்மா மனுஷன் நிமிர்வான்? இந்த வாரமும் ஒண்ணும் இல்லையே?"

சீட்டக்கா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். மருந்தறை. சாவி.

"நான்... பார்க்கல" என்றாள்.

"போதும்மா. இன்னும் ரெண்டு வாரம்தான்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது பெரியவர் அங்கேயே நின்றிருந்தார். மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் இல்லை. ஆனால் மூன்று வாரமாக அந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"வீட்டு விஷயத்துக்கும் சான்று கேட்கிறீங்க போல" என்றார்.

"பார்க்காததைச் சொல்ல முடியுமா சார்?"

"சொல்ல முடியாதுதான். ஆனா நீங்க சொல்றதை அந்தப் பொண்ணு எந்தக் குறியில எழுதிக்கிறான்னு யோசிச்சீங்களா? 'தேடியும் இல்லை'ன்னு எழுதிக்கிறா." சற்று நிறுத்தினார். "நீங்க தேடினீங்களா?"

அவள் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "நான் இன்னைக்கு மத்தியானம் கிளம்பட்டுமா சார்?" என்று கேட்டாள். அவள் மத்தியானத்தில் கிளம்பி அந்த அலுவலகம் பார்த்ததே இல்லை.

வெயிலில் நடந்து வந்தாள். தையற்கடைக்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, "என்னக்கா, உடம்புக்கு ஏதாவதா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறினாள். இந்த முறை செருப்பைத் தேய்க்கவில்லை. தம்பியின் கதவைத் தட்டவும் இல்லை.

அவன் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் மேடையில் ஆறேழு சிறிய பாட்டில்கள், நன்றாகக் கழுவி, லேபிள் உரித்து, வாய் கீழாகக் கவிழ்த்துக் காயவைத்திருந்தன. கடைக்காரக் கைக்கே உரிய ஒழுங்கு. ஒன்று மட்டும் அவன் மடியில் பாதியாக இருந்தது. எறும்புகள் மேடையிலிருந்து கட்டில் கால்வரை வந்திருந்தன.

"தட்டிட்டு வரக்கூடாதாக்கா?" என்றான், மெதுவாக.

அவள் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாடா?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நடிக்காதக்கா. புதுசா துண்டு வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுது. சரி, அக்கா நமக்காகக் கண்ணை மூடிக்கிறா, நாமளும் சீக்கிரம் நிறுத்திடலாம்னு நினைச்சேன். நிஜமாத்தான் நினைச்சேன்."

அவள் பார்க்காமல் இருந்ததை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"மருந்தறையில போடப் போறாங்களாம் உன்னை" என்றாள். "சாவியோட."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது சந்தோஷமா, பசியா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உடனே அவன் கெஞ்ச ஆரம்பித்தான். "அக்கா, சொல்லிடாத. அங்க போனா எல்லார் கண்ணும் என் மேல இருக்கும். நான் தொடுவேனா? இங்கதான் பொழுது போகல, அதனாலதான். ரெண்டே வாரம். பார்க்கலன்னு சொன்னவதானே நீ, இன்னும் ரெண்டு தடவை சொல்லு."

"இப்ப பார்த்துட்டேனேடா."

"பார்த்தா என்ன? பெத்தவளா நீ? போலீசா? அக்காதானே?"

"அக்காதான்" என்றாள். எழுந்து போய்க் கீழே தையற்கடைத் தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். ஆலோசகரிடம், "நான் பார்த்தேன். ரெண்டு வாரத்துக்கு மேலேயே எனக்குத் தெரியும். தேடாம இருந்துட்டேன்" என்றாள். மறுமுனையில் அந்தப் பெண் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா இங்கேயே வெச்சிருக்கலாம்மா" என்றாள். "இப்ப தூரத்துல இருக்கிற கிளைக்குத்தான் அனுப்பணும். ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம். பார்க்க வர முடியாது. கடிதம் போடலாம். கட்டணம் கிடையாது, அங்க வேலை செய்யணும், அவ்வளவுதான்."

தையற்கடைக்காரர் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொலைபேசிக்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் வேன் வந்தது. அவன் சண்டை போடவில்லை, பையைத் தானே தூக்கிக்கொண்டான். படியில் இறங்கும்போது திரும்பி, "ஒரு சீட்டு நிறைஞ்சுது உனக்கு. போய் இழுப்பறையில போடு" என்றான். வேனில் இருந்தவர்கள் அதை ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அவள் மறுநாளே வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. திரியாக்கின் நடுச்சான்றுக்காக மீதியிருந்த நூல்களையும் பார்த்து முடித்தாள். ஒவ்வொரு பக்கமும் கண்ணுக்குள் மணல்போல விழுந்தது. கடைசியில் முதல் பொருளுக்கும் இரண்டாம் பொருளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விட்டு, கீழே 'தேடியும் இல்லை' என்று எழுதி நீட்டினாள். பெரியவர் அதை வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு, "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார். "சொல்லுங்க சார்" என்றாள். டீ ஆறும்வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பியிடமிருந்து ஜூலையில் முதல் கடிதம் வந்தது. சோப்பும் செருப்பும் வேண்டும், வேறொன்றும் இல்லை. அனுப்பினாள். ஆகஸ்டில் வரவில்லை. செப்டம்பர்க் கடிதத்தில் தன்னைச் சலவைப் பகுதியில் போட்டிருப்பதாகவும், கொதிதண்ணீரில் கை தோல் உரிந்துவிட்டதாகவும், அங்கே தன்னைச் 'சோப்பு மாமா' என்று கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தான். அடியில் ஒரு வரி: அந்தச் சொல் முடிந்ததா? அவள் நான்கு பக்கம் பதில் எழுதினாள். கிரேக்கத்திலிருந்து கருப்புப் பாகு வரை எல்லாவற்றையும், நடுவில் விட்ட வெற்றிடத்தையும் எழுதினாள். தான் கண்ணை மூடிக்கொண்டதைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று முடித்தாள்.

அடுத்த கடிதம் சிறியது. வருடம் முடிவதற்குள்ளேயே அவனை விடுவித்திருந்தார்கள். கூட இருந்த ஒருவரின் அண்ணன் வேறோர் ஊரில் சலவைக்கடை வைத்திருக்கிறாராம், அங்கே போகிறான். வீட்டுக்கு வரவில்லை. "தொடவில்லை அக்கா. நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. விலாசம் இப்போது வேண்டாம். நீ வந்து பார்த்தால் நீ பார்க்கிறாயே என்று எனக்கு இருக்கும். பார்க்காவிட்டால் ஏன் பார்க்கவில்லை என்று இருக்கும். கொஞ்ச காலம் இப்படியே போகட்டும். செருப்பு நன்றாக உழைக்கிறது."

அதை வாசித்துவிட்டு அவள் அவன் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்தாள். தையற்கடைக்காரர் கீழிருந்து, "சின்னவன் எப்ப வர்றானாம்?" என்று கேட்டார். "வேலை கிடைச்சிருக்கு" என்றாள். "அப்படிப் போடு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2009 டிசம்பர் 3.